‘ஜெர்மன் டீச்சர்’: அதுவும் ஒரு படிப்பா?

சென்ற மாதம் சங்கடஹர சதுர்த்தியன்று சரோஜினி நகர் விநாயகர் கோவிலில் பிரசாத வரிசையில் நின்றுகொண்டிருந்தேன். பின்னால் நின்ற ஒரு அம்மாள் என் தோளை மெல்லத் தொட்டு, "நீங்கதானே ஜெர்மன் சொல்லிக் கொடுக்கறவங்க?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

"என் பொண்ணு பன்னிரண்டாவது முடிக்கப் போறா. ஜெர்மன் டீச்சருக்குத்தான் படிப்பேன்னு ஒத்தைக்கால்ல நிக்கறா. இங்கிலீஷ் டீச்சர் தெரியும், கணக்கு டீச்சர் தெரியும். ஜெர்மன் டீச்சர்னு ஒரு படிப்பு இருக்கா? படிச்சா வேலை கிடைக்குமா? நீங்களே சொல்லுங்க."

பக்கத்தில் நின்ற மகள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் என்ன சொன்னாலும் அது அன்றிரவு அவர்கள் வீட்டில் தீர்ப்பாகிவிடும் என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. கையில் சுண்டல் தொன்னையை வைத்துக்கொண்டு சொல்லி முடிக்கிற விஷயமா இது? "நம் சங்கப் பத்திரிகையில் விவரமாக எழுதுகிறேன், அதுவரை பொண்ணைத் திட்டாதீங்க" என்று சொல்லிவிட்டு வந்தேன். அதுதான் இந்தக் கட்டுரை.

இந்தக் கேள்வியை நான் கேட்பது இது மூன்றாம் முறை. முதலில் கேட்டவர் என் தகப்பனார், அது 1991-ல். இரண்டாம் முறை கேட்டவள் என்னிடம் படித்த ஒரு பெண், அது 2014-ல். மூன்றையும் வரிசையாகச் சொன்னால் பதில் தானாக வந்துவிடும் என்று நினைக்கிறேன்.

வீட்டிலிருந்து கஸ்தூரிபா காந்தி மார்க் வரை

சரோஜினி நகருக்கு முன்பு விநய் நகர் என்று பெயர். பழைய ஆட்கள் நான் சிறுமியாக இருந்தபோதும் அப்படித்தான் சொல்வார்கள். மத்திய சர்க்கார் ஊழியர்களின் குடியிருப்பு. எங்களுடையது இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்னால் துணி உலர்த்தக் கொஞ்சம் இடம் உள்ள வீடு. இன்று அந்த வரிசை வீடுகள் இல்லை. குடியிருப்புகளை இடித்துப் புதிதாகக் கட்டும் திட்டத்தில் அவை போய்விட்டன. அந்தப் பக்கம் போனால் எங்கள் வாசல் எங்கே இருந்தது என்று எனக்கே சரியாகச் சொல்ல வராது.

லக்ஷ்மிபாய் நகர் தமிழ்ப் பள்ளியில் படித்தேன். பிறகு பி.காம். முடித்தேன். அந்தக் காலத்தில் எங்கள் குடியிருப்பில் பி.காம். முடித்த பெண்ணுக்கு அடுத்தது என்ன என்பதில் யாருக்கும் சந்தேகம் கிடையாது. ஸ்டாஃப் செலக்ஷன் கமிஷன் தேர்வு எழுத வேண்டும். அதுவரை டைப்ரைட்டிங், சுருக்கெழுத்து. நானும் அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். ஒரு நாள் தோழி ஒருத்தியுடன் துணைக்கு மாக்ஸ் முல்லர் பவனுக்குப் போனேன். அவள் விசாரிக்கப் போனாள். சேர்ந்தது நான்.

மாக்ஸ் முல்லர் பவன் என்பது ஜெர்மன் நாட்டின் கொயதே இன்ஸ்டிட்யூட்டுக்கு இந்தியாவில் உள்ள பெயர். தில்லியில் அது கஸ்தூரிபா காந்தி மார்க்கில், மூன்றாம் எண் கட்டடத்தில் இருக்கிறது. மாக்ஸ் முல்லர் ரிக் வேதத்தைப் பதிப்பித்தவர் என்பது நம்மில் பலருக்கும் தெரியும்; இந்தியாவுக்கு அவர் ஒரு முறைகூட வந்ததில்லை என்பதும் தெரிந்திருக்கலாம். ஆனால் 1854-ல் அவர் ஆக்ஸ்ஃபோர்டில் பேராசிரியரானது சமஸ்கிருதத்துக்கு அல்ல, நவீன ஐரோப்பிய மொழிகளுக்கு. ஆக, அந்தப் பவனின் பெயருக்கு உரியவரும் ஒரு வகையில் என் தொழிலைச் செய்தவர்தான்.

அப்பாவிடம் சொன்னபோது அவர் செய்தித்தாளை மடித்து வைத்தார். "அது சரி. ஜெர்மன்காரனுக்கு நீ போய் ஜெர்மன் சொல்லிக் கொடுக்கப் போறியா?" என்றார். கேலியாகத்தான் கேட்டார். ஆனால் அதில் ஒரு நியாயமான சந்தேகம் இருந்தது. இன்னொருவர் தாய்மொழியை நாம் எப்படிக் கற்பிக்க முடியும்? அதற்கு எனக்கு அன்று பதில் தெரியவில்லை. "ஒரு வருஷம் மட்டும்" என்று கேட்டு வாங்கினேன். ஜெர்மனியின் இரு பகுதிகளும் 1990 அக்டோபரில் ஒன்றாகிவிட்டன. எங்கள் பாடப்புத்தகத்தில் மட்டும் இன்னும் இரண்டு ஜெர்மனிகள் இருந்தன!

பஸ் வந்தானா, வந்தாளா?

தில்லிக்கு வந்த தமிழர்கள் யாரும் மறக்க முடியாத ஒரு சங்கடம் உண்டு. ‘பஸ் ஆ கயா’ என்று சொல்லி அண்டை வீட்டுக் குழந்தைகளிடம் சிரிப்பு வாங்குவது. இந்தியில் பஸ் பெண்பால். ‘ஆ கயீ’ என்றுதான் சொல்ல வேண்டும். நமக்கோ உயிரற்ற பொருள் எல்லாம் அஃறிணை. மேசைக்கும் புத்தகத்துக்கும் ஆண், பெண் எதற்கு என்று தோன்றும். என் அம்மா நாற்பது வருஷம் தில்லியில் இருந்தும் இந்தப் பஸ்ஸோடு சமாதானம் ஆகவில்லை.

ஜெர்மனில் இது இரட்டிப்பு. ஆண்பாலுக்கு ‘டேர்’, பெண்பாலுக்கு ‘டீ’, இரண்டும் அல்லாததற்கு ‘டாஸ்’ என்று ஒவ்வொரு பெயர்ச்சொல்லுக்கும் முன்னால் ஒரு சொல் நிற்கும். சாப்பாட்டு மேசையில் கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டும் இல்லை. சூரியன் பெண், சந்திரன் ஆண். எல்லாவற்றுக்கும் மேலாக, சிறுமி என்பதற்கான ‘மேட்ஷென்’ என்ற சொல் பெண்பால் அல்ல, ‘டாஸ்’ வகை!

வகுப்பில் வட இந்திய மாணவர்கள் இந்தியில் உள்ள பாலையே ஜெர்மனுக்கும் பொருத்திப் பார்த்துத் தடுமாறினார்கள். மேசை அவர்களுக்குப் பெண், ஜெர்மனில் ஆண். நான் எதையும் பொருத்திப் பார்க்கவில்லை. பால் என்பது அந்த மொழியின் வழக்கம், அதில் நியாயம் கேட்கக்கூடாது, சொல்லோடு சேர்த்து மனப்பாடம் செய்ய வேண்டும் என்ற பாடத்தை இந்தி எனக்கு ஏற்கெனவே புகட்டியிருந்தது. சிரிப்பு வாங்கியதற்குக் கைமேல் பலன்.

அடுத்தது வேற்றுமை. ஜெர்மன் இலக்கணத்தில் நான்கு வேற்றுமைகள். இதில்தான் பாதிப் பேர் ஆறாவது மாதத்தில் நின்றுவிடுவார்கள். ‘டேர் லேரர்’ என்றால் ஆசிரியர். அவரைப் பார்த்தேன் என்றால் ‘டேன் லேரர்’. அவருக்குக் கொடுத்தேன் என்றால் ‘டேம் லேரர்’. அவருடைய என்றால் ‘டெஸ் லேரர்ஸ்’. பக்கத்தில் இருந்தவர்கள் அட்டவணையை வெறித்துப் பார்த்தபோது எனக்கு எங்கள் தமிழம்மாவின் குரல் கேட்டது. ஆசிரியர், ஆசிரியரை, ஆசிரியருக்கு, ஆசிரியருடைய. முதல் வேற்றுமை, இரண்டாம் வேற்றுமை, நான்காம் வேற்றுமை, ஆறாம் வேற்றுமை. நாம் எட்டு படித்தவர்கள், நான்கு எம்மாத்திரம்? வித்தியாசம் ஒன்றுதான். நம் உருபு சொல்லின் வாலில் ஒட்டும். அவர்களுக்குப் பெரும்பாலும் தலையில் உள்ள ‘டேர்’ மாறும்.

இன்னும் ஒன்று. ‘நான் ஜெர்மன் படிப்பதால்’ என்று சொல்லும்போது நம் வினை கடைசியில் வருகிறது. ஜெர்மனிலும் ‘ஏனென்றால்’ என்று தொடங்கும் வாக்கியத்தில் வினை கடைசிக்குப் போய்விடும். ஆங்கிலத்தை வைத்துப் பழகியவர்கள் அங்கே திணறுவார்கள். பெரியவர்களிடம் ‘ஸீ’, நண்பர்களிடம் ‘டூ’ என்று மரியாதை பார்த்துப் பேசுவதும் ‘நீங்கள்’, ‘நீ’ என்று வளர்ந்த நமக்குப் புதிதல்ல.

இதையெல்லாம் பெருமைக்காகச் சொல்லவில்லை. "ஜெர்மன் படித்தால் தமிழை மறந்துவிடுவாளோ?" என்று சில பெற்றோர் கவலைப்படுகிறார்கள். என் அனுபவம் நேர்மாறு. தமிழ் இலக்கணத்தை ஒழுங்காகப் படித்திருந்ததால்தான் ஜெர்மன் இலக்கணம் எனக்கு வசப்பட்டது. உங்கள் மகள் மூன்றாம் மொழியாகத் தமிழ் படிக்கிறாள் என்றால் அந்த வேற்றுமைப் பாடத்தை மட்டும் விட்டுவிட வேண்டாம்.

மொழி தெரிந்தால் போதுமா?

படிப்பை முடித்து, அந்நாளில் இருந்த ‘ஸெர்டிஃபிகாட்’ தேர்வையும் அதற்கு மேற்பட்ட இடைநிலைத் தேர்வையும் எழுதித் தேறினேன். இனி நான் ஆசிரியை என்று எண்ணிக்கொண்டேன். முதல் பயிற்சி வகுப்பு. மூன்று இரவு தயாரித்துக்கொண்டு போய், கரும்பலகை முழுவதும் அட்டவணை போட்டு, வேற்றுமையை அழகாக விளக்கினேன். மாணவர்கள் அமைதியாக எழுதிக்கொண்டார்கள். மணி அடித்தபோது எனக்கு நானே கைதட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

கடைசி பெஞ்சில் உட்கார்ந்திருந்த மூத்த ஆசிரியை என்னைக் கூப்பிட்டு ஒரு துண்டுக் காகிதத்தைக் காட்டினார். அதில் இரண்டே எண்கள்: 45-ல் 38. "இது என்ன?" என்றேன். "நாற்பத்தைந்து நிமிஷத்தில் நீ பேசியது முப்பத்தெட்டு நிமிஷம். மீதி ஏழு நிமிஷத்தை இருபது பேருக்குப் பங்கு போட்டுப் பார்" என்றார்.

வகுத்துப் பார்த்தேன். ஆளுக்கு இருபத்தொரு விநாடி. நீச்சல் கற்றுக்கொடுக்கிறேன் என்று கரையில் நின்று பிரசங்கம் செய்திருக்கிறேன்! அன்று தெரிந்துகொண்டேன்: ஜெர்மன் தெரிவது ஒரு படிப்பு; ஜெர்மன் கற்பிப்பது இன்னொரு படிப்பு.

அந்த இரண்டாவது படிப்பில் என்ன இருக்கிறது? முதலில் படம் காட்டு, பிறகு கேட்க வை, பிறகு படிக்க வை, இலக்கண விதியை மாணவனே கண்டுபிடிக்கும்படி உதாரணங்களை அடுக்கு, கடைசியில் அதை அவன் தன் சொந்த விஷயத்துக்குப் பயன்படுத்தட்டும். எல்லாத் தப்பையும் உடனே திருத்தாதே. பேசிக்கொண்டிருப்பவனை நிறுத்தினால் அவன் மறுபடி வாய் திறக்க மாட்டான். ஆண்பாலுக்கு நீலம், பெண்பாலுக்குச் சிவப்பு, மூன்றாவதற்குப் பச்சை என்று வண்ணத்தில் எழுது. காது மறந்தாலும் கண் நினைவில் வைக்கும்.

உச்சரிப்பு ஒரு தனிக் கலை. ‘ஊ’வுக்கும் ‘ஈ’க்கும் நடுவில் ஓர் உயிர் ஒலி ஜெர்மனில் உண்டு. ‘அப்படிச் சொல்லு’ என்றால் யாருக்கும் வராது. ‘உதட்டை ஊ சொல்வதுபோல் குவித்து வைத்துக்கொண்டு, உள்ளே ஈ சொல்லு’ என்றால் உடனே வந்துவிடும். உத்தரப் பிரதேசத்துப் பிள்ளை ‘ஷூல’ என்ற பள்ளிக்கூடச் சொல்லைச் சரியாகச் சொல்லிவிடுவான். ‘ஷ்ட்ராஸ’ என்ற தெருவுக்கு முன்னால் மட்டும் ஓர் ‘இ’ சேர்த்துக்கொள்வான். நம் பிள்ளைக்கு வேறு தொல்லை. ரொட்டி சுடுவதற்கு ஒரு ‘பாக்கென்’, பெட்டியில் சாமான் அடுக்குவதற்கு ஒரு ‘பாக்கென்’. முதல் எழுத்தின் ஒலி வேறு. தமிழ் எழுத்தில் இரண்டுக்கும் ஒரே ‘ப’. யாருக்கு எங்கே இடறும் என்று முன்கூட்டியே தெரிந்து வைத்திருப்பதுதான் ஆசிரியையின் வேலை.

என் அப்பாவின் கேள்விக்கு இங்கேதான் பதில் கிடைத்தது. தாய்மொழியாகப் பேசுபவர் வழுக்கி விழுந்து கற்றவரல்ல. அதனால் தரை எங்கே வழுக்குகிறது என்பது அவருக்குத் தானாகத் தெரிவதில்லை. விழுந்து எழுந்தவருக்குத் தெரியும். ஜெர்மன்காரனுக்கு ஜெர்மன் சொல்லிக் கொடுக்க நான் போகவில்லை. சரோஜினி நகர் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்க, சரோஜினி நகர் வழியாக ஜெர்மனுக்குப் போனவள் வேண்டும்.

எங்கள் மார்க்கெட்டை வைத்தே பாடம் நடத்துவேன். ‘வாஸ் கோஸ்டெட் டாஸ்?’, அதாவது ‘இது என்ன விலை?’ என்ற பாடம் வரும்போது பாடப்புத்தகத்தில் கடைக்காரர் விலை சொல்வார்; வாங்குபவர் நன்றி சொல்லிப் பணம் கொடுத்துவிடுவார். எங்கள் பிள்ளைகள் விடுவார்களா? "மேடம், ‘பையா, கம் கரோ’வுக்கு ஜெர்மனில் என்ன?" என்று கேட்பார்கள். அந்த ஒரு கேள்வியிலிருந்து ‘அதிகம்’, ‘குறைவு’, ‘இதைவிட மலிவு’ என்று ஒப்பீட்டு இலக்கணம் முழுவதையும் நடத்திவிடலாம்.

தரங்கம்பாடி மணல்

அந்நியராகப் போய்க் கற்று, பிறகு கற்பிப்பவராக ஆவது தமிழருக்கும் ஜெர்மானியருக்கும் இடையில் புதிய கதை அல்ல. நம்மிடம் மாணவராக வந்து உட்கார்ந்தவர்கள் அவர்கள்.

1706 ஜூலையில் பார்த்தலோமேயு சீகன்பால்க் என்ற இளம் ஜெர்மானியப் பாதிரியார் தரங்கம்பாடியில் வந்து இறங்கினார். வயது ஏறக்குறைய இருபத்து நான்கு. தமிழில் ஒரு சொல் தெரியாது. உள்ளூர்த் திண்ணைப் பள்ளி ஆசிரியர் ஒருவரை ஏற்பாடு செய்துகொண்டு, சிறு பிள்ளைகளோடு பிள்ளையாகத் தரையில் அமர்ந்து, மணலில் விரலால் அ, ஆ எழுதிப் பழகினார். பிற்பாடு தரங்கம்பாடியில் அச்சுக்கூடம் அமைத்துப் புதிய ஏற்பாட்டைத் தமிழில் அச்சிட்டார். 1716-ல் ஜெர்மனியின் ஹாலே நகரில் அவர் எழுதிய தமிழ் இலக்கண நூல் அச்சாயிற்று; லத்தீன் மொழியில் எழுதப்பட்ட அந்த நூல், தமக்குப் பின் தமிழ் கற்க வரும் ஐரோப்பியருக்கானது. அதாவது, மணலில் எழுதிப் பழகியவரே பத்தாண்டுகளில் பிறருக்குப் பாடப்புத்தகம் எழுதும் ஆசிரியரானார். அவர் காலத்துக்குப் பின் கார்ல் கிரவுல் திருக்குறளை ஜெர்மனில் பெயர்த்தார். இன்றும் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் தமிழ் கற்பிக்கிறார்கள்.

எந்த நோக்கத்தோடு வந்தார் என்பது ஒருபுறம் இருக்கட்டும். வளர்ந்த மனிதர் ஒருவர் வெட்கத்தை விட்டுக் குழந்தைகளோடு மணலில் உட்கார்ந்தாரே, அதுதான் எனக்கு முக்கியம். என்னிடம் ஆசிரியப் பயிற்சிக்கு வருபவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கதையைத்தான்.

2014: இரண்டாம் முறை

இனி கசப்பான பகுதி. 2011 செப்டம்பரில் கேந்திரிய வித்யாலயா சங்கதனும் கொயதே இன்ஸ்டிட்யூட்டும் ஓர் உடன்பாடு செய்துகொண்டன. அதன்படி ஆறு முதல் எட்டு வரையுள்ள வகுப்புகளில் சமஸ்கிருதத்துக்குப் பதில் மூன்றாம் மொழியாக ஜெர்மனையும் எடுக்கலாம் என்று ஆயிற்று. நாடு முழுவதும் ஜெர்மன் ஆசிரியர்கள் தேவைப்பட்டார்கள். எங்கள் தொழிலில் அப்படி ஒரு வசந்தத்தை நான் கண்டதில்லை. என்னிடம் படிக்க வந்தவர்களில் பாதிப் பேர் "டீச்சராகப் போறோம்" என்றுதான் வந்தார்கள்.

2014 அக்டோபர் 27 அன்று கூடிய சங்கதனின் ஆட்சிக்குழு, ஜெர்மன் இனி மூன்றாம் மொழியாக இராது என்று முடிவு செய்தது. மும்மொழித் திட்டத்துக்கு அந்த உடன்பாடு பொருந்தாது என்பது அரசின் வாதம். சமஸ்கிருத ஆசிரியர்கள் சங்கம் இதே காரணத்தைச் சொல்லி ஏற்கெனவே தில்லி உயர் நீதிமன்றம் சென்றிருந்தது. அவர்களுக்கும் பிழைப்பு இருக்கிறது, அவர்கள் பாடத்துக்கும் மதிப்பு இருக்கிறது. அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வராது. ஆனால் சுமார் 70 ஆயிரம் பிள்ளைகள் கல்வியாண்டின் நடுவில் மொழி மாற வேண்டியதாயிற்று. பெற்றோர் உச்ச நீதிமன்றம் போனார்கள். அந்த ஆண்டு சமஸ்கிருதத் தேர்வு இராது என்று அரசு சொன்ன பிறகே கொஞ்சம் மூச்சு வந்தது. நவம்பரில் பிரிஸ்பேனில் நடந்த ஜி20 மாநாட்டில் ஜெர்மன் சான்சலர் அங்கேலா மெர்க்கல் நம் பிரதமரிடம் இதைப் பற்றிப் பேசினார் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆறாம் வகுப்புக் குழந்தையின் மொழிப்பாடம் உலக மாநாடு வரை போய்விட்டது!

அந்த வாரத்தில்தான் என்னிடம் பி2 நிலைக்குப் படித்துக்கொண்டிருந்த பக்கத்துத் தெருப் பெண் செய்தித்தாளைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தாள். அப்பா ஓய்வு பெற்றுவிட்டவர். குவார்ட்டரைக் காலி செய்து நொய்டாவில் சின்ன வீட்டுக்குப் போயிருந்தார்கள். அவள் ஒவ்வொரு நாளும் இரண்டு பஸ் மாறி வந்துகொண்டிருந்தாள். "அக்கா, தொடரட்டுமா, நிறுத்தட்டுமா? பொய் சொல்லாம சொல்லுங்க" என்றாள்.

என்னால் ‘தொடரு’ என்று எடுத்த எடுப்பில் சொல்ல முடியவில்லை. அவள் வீட்டு நிலைமை எனக்குத் தெரியும். சற்று நேரம் கழித்துச் சொன்னேன்: "மூடினது ஒரு வாசல். நீ அந்த ஒரு வாசலை நம்பிப் படிச்சிருந்தா நிறுத்திடு. மொழியை நம்பிப் படிச்சிருந்தா தொடரு. ஆனா பி2-வோட நிக்காதே. பி.எட்.டும் வாங்கு." அவள் ஒன்றும் பேசாமல் போய்விட்டாள். இரண்டு வாரம் வகுப்புக்கு வரவில்லை. மூன்றாவது வாரம் வந்தாள்.

2015 அக்டோபரில் மெர்க்கல் தில்லி வந்தபோது இரு நாடுகளும் ஒரு கூட்டறிக்கையில் கையெழுத்திட்டன. இந்தியாவில் ஜெர்மனைக் கூடுதல் அயல்மொழியாகவும், ஜெர்மனியில் நவீன இந்திய மொழிகளையும் ஊக்குவிப்பது என்பது அதன் சாரம். ஜெர்மன் பள்ளிக்குத் திரும்பியது. ஆனால் கட்டாய மூன்றில் ஒன்றாக அல்ல, விருப்பப் பாடமாக. 2020-ன் தேசியக் கல்விக் கொள்கை, மூன்று மொழிகளில் இரண்டாவது இந்திய மொழியாக இருக்க வேண்டும் என்கிறது. அயல்மொழிகளை இடைநிலைக் கட்டத்தில் கற்கலாம் என்று சொல்லி ஜெர்மனையும் பெயர் குறிப்பிடுகிறது. ஆகவே பள்ளியை மட்டுமே நம்பி இந்தப் படிப்புக்கு வருபவர்கள் கண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு வர வேண்டும். கொள்கை மாறினால் பாடவேளை மாறும்.

அந்தப் பெண் இப்போது காலையில் ஒரு தனியார் பள்ளியில் கற்பிக்கிறாள். மாலையில் அவள் வகுப்பில் இருப்பவர்கள் நர்ஸுகள். 2020 மார்ச்சில் ஜெர்மனி திறமையாளர் குடியேற்றச் சட்டத்தை நடைமுறைப்படுத்திய பிறகு இந்தக் கூட்டம் பெருகியது. 2024-ல் இந்தியத் திறமையாளருக்கான விசா எண்ணிக்கையை ஆண்டுக்கு 20 ஆயிரத்திலிருந்து 90 ஆயிரமாக உயர்த்தப் போவதாகவும் ஜெர்மனி அறிவித்தது. நர்ஸ் வேலைக்கு அங்கே மொழித் தேர்ச்சி கேட்கிறார்கள். பொதுவாக பி2 நிலை வரை.

ஒரு நாள் அவள் வகுப்பில் போய் உட்கார்ந்தேன், கடைசி பெஞ்சில். நாகர்கோவில் பக்கத்துப் பெண் ஒருத்தி இரவு ட்யூட்டி முடித்து, பகலில் சரியாகத் தூங்காமல் வந்திருந்தாள். கண் சொருகுகிறது. ஆனால் நோயாளியாக நடித்த தோழியிடம் ‘வோ டூட் எஸ் வே?’ என்று கேட்கும்போது மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்தாள். ‘எங்கே வலிக்கிறது?’ என்று அர்த்தம். அந்தப் பெண் தேர்வில் தவறினால் ஊரில் வாங்கிய கடன் நிற்கும். தேறினால் தம்பியின் படிப்பு நடக்கும். நான் கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கெடுத்தேன். நாற்பத்தைந்து நிமிஷத்தில் ஆசிரியை பேசியது பதினொரு நிமிஷம். துண்டுக் காகிதத்தில் எழுதி அவளிடம் கொடுத்துவிட்டு வந்தேன்.

படிக்க விரும்புகிறவர்களுக்கு

இனி அந்த அம்மாள் கேட்ட விவரங்கள்.

பட்டப்படிப்பாகவே படிக்க வேண்டுமானால் நம் பக்கத்திலேயே ஜவாஹர்லால் நேரு பல்கலைக்கழகம் இருக்கிறது. அங்கே ஜெர்மன் மொழியில் பி.ஏ. ஆனர்ஸ், எம்.ஏ., ஆராய்ச்சிப் படிப்பு வரை உண்டு, பி.ஏ.வுக்கு முன்பின் ஜெர்மன் தெரிந்திருக்க வேண்டியதில்லை, இப்போது பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். தில்லிப் பல்கலைக்கழகத்தில் ஜெர்மானிய, ரோமானிய மொழித் துறை உள்ளது. வேறு பட்டம் படிப்பவர்கள் கல்லூரிகளில் பகுதி நேரச் சான்றிதழ், டிப்ளமா வகுப்புகளில் சேரலாம். ஹைதராபாத்தில் ஆங்கில, அயல்மொழிகள் பல்கலைக்கழகம் இருக்கிறது. ஊரோடு போய்விடுகிறவர்களுக்குச் சென்னை நுங்கம்பாக்கத்திலும் ஒரு மாக்ஸ் முல்லர் பவன் உண்டு.

மொழித் தேர்ச்சி இன்று ஏ1, ஏ2, பி1, பி2, சி1, சி2 என்ற ஆறு படிகளில் அளக்கப்படுகிறது. படித்தல், கேட்டல், எழுதுதல், பேசுதல் என்று நான்கு பகுதிகள். தேற 60 சதவீதம் வேண்டும். பி1 முதல் நான்கையும் தனித்தனியாக எழுதலாம். ஒன்றில் தவறினால் அதை மட்டும் மறுபடி எழுதினால் போதும். பி2 எட்டச் சுமார் 600 முதல் 800 பாடவேளைகள், சி1 எட்ட 800 முதல் 1000 என்று கணக்கு. ஒரு பாடவேளை 45 நிமிஷம். ‘மூன்று மாதத்தில் ஜெர்மன்’ என்ற விளம்பரத்தை நம்பி யாரும் பணம் கட்ட வேண்டாம். வேலை பார்த்துக்கொண்டோ கல்லூரியில் படித்துக்கொண்டோ வந்தால் இரண்டு மூன்று வருஷம் ஆகும். ஆசிரியையாக வேண்டுமானால் சி1 வரை போவது நல்லது. வகுப்பில் மாணவனைவிட இரண்டு படியாவது மேலே நிற்க வேண்டாமா?

கற்பிக்கும் கலைக்குக் கொயதே இன்ஸ்டிட்யூட் ‘டொய்ச் லேரன் லேர்னன்’ என்ற பயிற்சித் தொடரை நடத்துகிறது. ‘ஜெர்மன் கற்பிக்கக் கற்றல்’ என்று பொருள். அதில் ஒவ்வொரு பகுதியிலும் ஒரு சிறு வகுப்பறை ஆய்வு செய்ய வேண்டும். உதாரணமாக, பிள்ளைகளை இருவர் இருவராக உட்கார வைத்தால் அதிகம் பேசுகிறார்களா என்று தன் வகுப்பிலேயே சோதித்துப் பார்த்து எழுத வேண்டும். பள்ளியில் நிலையான வேலை வேண்டுவோர் பி.எட்.டையும் மறக்கக் கூடாது; பல பள்ளிகள் அதைக் கேட்கின்றன.

பெரும் பணம் வரும் என்று சொல்ல மாட்டேன். தொடக்கத்தில் பல இடங்களில் ஒப்பந்த வேலைதான். கோடை விடுமுறைக்குச் சம்பளம் இல்லாத வருஷங்களை நானே பார்த்திருக்கிறேன். மொழிபெயர்ப்பு, நிறுவனங்களில் மொழி வேலை, நர்ஸுகளுக்கும் வெளிநாட்டுப் படிப்புக்குப் போகும் மாணவர்களுக்கும் வகுப்பு என்று இரண்டு மூன்று ஓடைகள் சேர்ந்தால்தான் குளம் நிறையும். அதற்குப் பொறுமை உள்ள வீடாக இருக்க வேண்டும். என் வீட்டில் அப்பா ‘ஒரு வருஷம்’ என்று கொடுத்த தவணையை நான்கு முறை நீட்டித்தார். கடைசி வரை கேலியை மட்டும் நிறுத்தவில்லை.

அந்தக் காலத்தில் நான் பஸ்ஸுக்குக் காத்து நின்று கஸ்தூரிபா காந்தி மார்க் போய் வந்தேன். 2018-லிருந்து சரோஜினி நகரிலேயே மெட்ரோ இருக்கிறது; அடுத்த நிறுத்தமான ஐ.என்.ஏ.யில் மாறினால் ராஜீவ் சௌக். ஆகவே போக்குவரத்தைக் காரணம் காட்டிப் பெண்ணைத் தடுக்க வழியில்லை!

கோவிலில் கேட்ட அம்மாவுக்கு: ஆமாம், அது ஒரு படிப்புதான், சரியாகச் சொன்னால் இரண்டு படிப்பு. உங்கள் மகளை முதலில் ஏ1 வகுப்பில் சேருங்கள். சில மாதம் போனதும் அவளிடம் ‘ஜெர்மன் பிடிச்சிருக்கா?’ என்று கேட்காதீர்கள். வீட்டில் உங்களுக்குப் பத்துச் சொல் சொல்லிக் கொடுக்கச் சொல்லுங்கள். நீங்கள் தப்பாகச் சொல்லும்போது அவள் பொறுமையாகத் திரும்பச் சொல்லிக் கொடுக்கிறாளா, எரிந்து விழுகிறாளா என்று பாருங்கள். வேலை கிடைக்குமா என்பதற்கு முன்னால் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான். அதற்குப் பிறகு அடுத்த சதுர்த்திக்கு வாருங்கள். மற்றதை நேரில் பேசுவோம்.